மூடுபனி ஊரில் ஓவன் சிப்ஸ்: ஏன் நமுத்துப் போகிறது, எப்படி மொறுமொறுப்பாக எடுப்பது

மதுரையிலிருந்து மாற்றலாகி நீலகிரி மலையில் இருக்கும் வெலிங்டனுக்கு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்காக 28 லிட்டர் ஓடிஜியில் (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே தட்டில் பரப்பி 180 டிகிரியில் வைத்தீர்கள். ஓரமெல்லாம் கருகியது, நடுப்பகுதி ரப்பர் மாதிரி இழுத்தது, தேறிய நாலைந்து துண்டும் சாயங்காலத்துக்குள் நமுத்துப் போனது. மூன்று தடவை முயன்றும் இதே கதை என்று எழுதிவிட்டு, "இந்த ஊர் மூடுபனியில் இதெல்லாம் வரவே வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். சமவெளியில் வருவதைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் காய் இங்கேயே விளைகிறது. ஆனால் நீங்கள் எண்ணெய்ச் சட்டியில் செய்யும் வேலையை ஓவனிடம் கேட்கிறீர்கள். அங்கேதான் தொடங்குகிறது எல்லாக் கோளாறும்.

எங்கள் வீட்டுத் தொழில் பேக்கரி. குன்னூரில் தாத்தா காலத்து விறகு அடுப்பு, அதில் வர்க்கி, பன், ரஸ்க் என்று பார்த்து வளர்ந்தவன் நான். சின்ன வயதில் எனக்குப் புரியாமல் இருந்தது ரஸ்க்தான். பிரெட்டை ஒருமுறை சுட்டு எடுத்தாயிற்று, அப்புறம் ஏன் அதை வெட்டி மறுபடியும் உள்ளே தள்ளுகிறார்கள், அதுவும் அடுப்பு தணிந்து, தீயே இல்லாத நேரத்தில்? அப்பா ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார், "இது வெந்தாச்சுடா. இப்ப காயணும். காய்றதுக்குச் சூடு வேண்டாம், நேரம்தான் வேணும்" என்றார். ஓவனில் காய்கறி சிப்ஸ் போடுவதும் இதே வேலைதான். அது வறுவலுக்குச் சொந்தம் இல்லை, ரஸ்குக்கும் வற்றலுக்கும்தான் சொந்தம். மொட்டை மாடியில் வெயில் செய்கிற வேலையை, வெயில் வராத ஊரில் ஓவன் செய்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெயில் பொரிக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 170, 180 டிகிரியில் இருக்கும் எண்ணெய் துண்டின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் குமிழ்குமிழாகக் கொதித்து ரெண்டு மூன்று நிமிடத்தில் ஓடிவிடுகிறது. காற்று அப்படிச் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. 180 டிகிரி எண்ணெயில் விரலை வைக்க முடியாது, 180 டிகிரி ஓவனுக்குள் கையை விட்டுத் தட்டைத் தொடாமல் எடுத்துவிடலாம், வித்தியாசம் அதுதான். அதனால் ஓவனில் தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும், ஓரம் மெல்லியதாக இருப்பதால் அங்கே முதலில் தீர்ந்துபோகும், தண்ணீர் தீர்ந்த இடத்தில் சூடு மளமளவென்று ஏறிக் கருகும், நடுவில் இன்னும் ஈரம் இருக்கும். நீங்கள் பார்த்தது இதைத்தான். 180ஐ மறந்துவிடுங்கள். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் 130, கடைசியில் 110. உருளைக்கு மட்டும் கொஞ்சம் மேலே, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எவ்வளவு தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் நிறைய விஷயம் தானாகப் புரியும். கேரட்டில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர். தோல் சீவி அரைக் கிலோ எடுத்தால் 440 கிராம் தண்ணீர், 60 கிராம்தான் சரக்கு. மொறுமொறுப்பான சிப்ஸில் ஈரம் மூன்று சதவீதம் போல இருக்கும், ஆக அரைக் கிலோ கேரட் கடைசியில் எண்ணெயோடு சேர்த்து 65, 70 கிராம் சிப்ஸாக வந்து நிற்கும். உருளையில் 80 சதவீதம் தண்ணீர் என்பதால் அரைக் கிலோவுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலே கிடைக்கும். முள்ளங்கியில் 95 சதவீதம் தண்ணீர், அரைக் கிலோ போட்டால் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. பலர் தட்டிலிருந்து எடுத்துப் பார்த்து "இவ்வளவுதானா" என்று மனம் உடைந்துபோகிறார்கள், தவறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் வரும்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. அந்த 440 கிராம் தண்ணீர், அதாவது ரெண்டு டம்ளருக்கு மேல், உங்கள் சின்ன ஓடிஜிக்குள் ஆவியாக நிற்கிறது. கதவு இறுக மூடியிருந்தால் அது எங்கே போகும்? கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து வழிந்திருக்குமே, கவனித்திருப்பீர்கள். அந்த நிலையில் நீங்கள் காய்கறியை ஆவியில் அவித்துக்கொண்டிருக்கிறீர்கள், இட்லிப் பானை மாதிரி. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவை நன்றாகத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள், முதல் அரைமணி நேரம் இது ரொம்ப முக்கியம். அப்புறம் கடைசிவரை ஒரு மரக்கரண்டியின் காம்பைக் கதவிடுக்கில் வைத்து, விரல் அகலம் திறந்தே இருக்கட்டும். பிள்ளைகள் கைவைக்காத உயரத்தில் ஓடிஜி இருந்தால் நல்லது. உள்ளே மின்விசிறி இருக்கிற மாதிரி என்றால் அதைப் போட்டுவிடுங்கள், பத்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் கிலோ காய்க்கு மேல் வேண்டாம், துண்டுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவே கூடாது.

சரி, மூடுபனிக்கு வருகிறேன். ஓவனுக்குள் மூடுபனி உங்களை ஒன்றும் செய்யாது. வெளியே 12 டிகிரியில் ஈரம் நிரம்பி நிற்கும் காற்றுதான் என்றாலும், குளிர்ந்த காற்று மொத்தத்தில் கொஞ்சம்தான் தண்ணீரைத் தாங்கும், அதை 130 டிகிரிக்குச் சூடாக்கினால் அது எலும்பாகக் காய்ந்த காற்று. சொல்லப்போனால் உயரம் உங்களுக்கு உதவிதான் செய்கிறது. குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி கீழே. இதனால்தான் இங்கே பருப்பு வேகத் தாமதம் ஆகிறது, ஆனால் உலர்த்தும் வேலைக்கு அது பாதகமில்லை. மூடுபனி தன் வேலையைக் காட்டுவது, நீங்கள் தட்டை வெளியே எடுத்து மேடைமேல் ஆற வைக்கிறீர்களே, அங்கே. ஜன்னல் திறந்திருந்தால் பத்தே நிமிடம் போதும், கால்மணி நேரம் முன்பு டக்கென்று உடைந்த துண்டு வளைய ஆரம்பித்துவிடும்.

காரணம் சர்க்கரை. கேரட்டில் தண்ணீர் போனபின் மிச்சம் நிற்பதில் பத்துக்கு நாலு பங்கு சர்க்கரைதான், பீட்ரூட்டில் பாதிக்கும் மேலே. உருளையில் பெரும்பகுதி மாவு, சர்க்கரை மிகக் கொஞ்சம். காய்ந்த சர்க்கரை தண்ணீரைக் கண்டால் விடாது, காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் அச்சுவெல்லம் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே உருளை சிப்ஸ் மேடைமேல் தாக்குப்பிடிக்கும் நேரம் பீட்ரூட் தாக்குப்பிடிக்காது. இதே சர்க்கரையால்தான் இன்னொரு குழப்பமும் வருகிறது, பெரும்பாலானவர்கள் கருக விடுவதே இதனால்தான். கடலை மிட்டாய் பாகு நினைவிருக்கிறதா? சட்டியில் இருக்கும்வரை இழுபடும், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்து, ஆறியபின் உடைத்தால்தான் பதம் தெரியும். கேரட் சிப்ஸும் அப்படியே. சூடாக இருக்கும்போது அது முழுவதும் உலர்ந்திருந்தாலும் கையில் துவளும். "இன்னும் ஆகவில்லை" என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும். நாற்பதாவது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு துண்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டு, அறுபது எண்ணுங்கள், அப்புறம் ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு இரண்டாக உடைந்தால் ஆயிற்று. வளைந்து பிறகு கிழிந்தால் ஆகவில்லை. நடுப்பகுதி தடிமனாக இருக்கும் துண்டை எடுத்துச் சோதியுங்கள், ஓரத்துத் துண்டு பொய் சொல்லும்.

சீவுவது பற்றி. கத்தியால் சீவினால் ஒன்று ஒரு மில்லிமீட்டர், அடுத்தது மூன்று என்று வரும், ஒன்று கருகும்போது மற்றது பச்சையாக இருக்கும், எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் இதே நிலைதான். வாழைக்காய் சீவும் கட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் ஸ்லைசர் என்று கேட்டாலும் தருவார்கள். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் ரெண்டு மில்லிமீட்டர், உருளைக்கு ஒன்றரை. ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் தடிமன் இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவு. அதற்கும் மெல்லியதாகச் சீவாதீர்கள், காகிதம் மாதிரி சுருண்டு தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி கேரட். முடிந்தால் மண்ணோடு இருக்கிற கேரட்டாக வாங்குங்கள். கேத்தி பள்ளத்தாக்கிலும் ஊட்டியைச் சுற்றியும் விடிவதற்கு முன்பே கேரட்டைப் பிடுங்கி, மெஷினில் போட்டுக் கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுகிறார்கள். மெஷினில் கழுவிய கேரட் பளபளவென்று கண்ணைப் பறிக்கும், ஆனால் உரசலில் மேல்தோல் போய்விடுவதால் சீக்கிரம் தளர்ந்து வழவழப்பாகும். உங்களுக்கு மார்க்கெட் பக்கம்தான், தோட்டத்துக்காரர் யாரையாவது பழக்கம் வைத்துக்கொண்டால் ரெண்டு கிலோ கழுவாமல் தருவார்கள், ஒரு வாரத்துக்கு மேல் கெட்டியாக இருக்கும். நடுத்தண்டு மஞ்சள் வெளுத்துத் தடித்திருக்கும் முற்றல் கேரட் வேண்டாம், அந்தத் தண்டு மட்டும் நார்நாராகத் தனியே நிற்கும். நேராக வட்டம் வட்டமாகச் சீவினால் உலர்ந்தபின் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிடும், நல்ல சாய்வாக, கேரட்டைப் படுக்க வைத்த மாதிரி பிடித்துச் சீவுங்கள், மூன்று விரல் நீளத்தில் துண்டு வரும், சுருங்கிய பிறகும் பார்க்க அழகாக இருக்கும்.

சீவியதைக் காய்ந்த பருத்தித் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு அழுத்துங்கள். ஒரு பாத்திரத்தில் போட்டு, கால் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய், கையாலேயே ஒவ்வொரு துண்டிலும் படும்படி பிசறுங்கள். கடலை எண்ணெய் நன்றாக இருக்கும், தேங்காய் எண்ணெய் கேரட்டுக்கு ரொம்பப் பொருந்தும் என்பது என் வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயமும். ஒரு டீஸ்பூன் பார்க்கக் குறைவாகத் தெரியும், அதிகம் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள், அதிக எண்ணெய் துண்டைச் சுற்றி நின்று ஈரம் போவதைத் தடுக்கும், சிப்ஸ் எண்ணெய்ப் பிசுக்காக, தோல் மாதிரி வரும். 130 டிகிரியில் இருபது நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு இருபது, அப்புறம் 110க்கு இறக்கிப் பதினைந்து இருபது நிமிடம். முன்பு சொன்ன சோதனை நாற்பதாவது நிமிடத்திலிருந்து. சீக்கிரம் ஆன துண்டை அப்போதே எடுத்துவிட வேண்டும், எல்லாம் ஒன்றாக ஆகட்டும் என்று காத்திருந்தால் பாதி கருகும்.

உப்பு விஷயத்தில் கவனம். அரைக் கிலோ எழுபது கிராமாகச் சுருங்கும்போது நீங்கள் போட்ட உப்பு அப்படியே நிற்கும், அதாவது பச்சைக் காயில் சரியாக இருந்த உப்பு சிப்ஸில் ஏழு மடங்கு கரிக்கும். அரைக் கிலோ கேரட்டுக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகப் போதும், அதையும் பொடியாக அரைத்துக் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். மிளகாய்த்தூளும் அப்போதுதான், முதலிலேயே போட்டால் கருகிக் கமறும். எனக்குப் பிடித்தது மிளகும் சீரகமும் வறுத்து நுணுக்கிய தூள். கொடைக்கானல் பக்கத்து மலைப்பூண்டு கிடைத்தால், அந்த மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, நாலு பல்லை மெல்லியதாகச் சீவி 110 டிகிரியில் வைத்து உலர்த்திப் பொடித்து உப்போடு கலந்து வையுங்கள். உருளை சிப்ஸில் தூவினால் பிள்ளைகள் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள்.

பீட்ரூட்டுக்கு மட்டும் உப்பை முதலிலேயே கொஞ்சம் தூவி இருபது நிமிடம் வைப்பேன், ஊதாநிறத் தண்ணீர் அடியில் தேங்கும், அதைக் கொட்டிவிட்டுத் துண்டால் ஒற்றி எடுத்தால் ஓவன் நேரம் குறையும், மண் வாசனையும் அடங்கும். பிறகு உப்பே போட வேண்டாம். பழைய துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கறை போகாது. 130க்கு மேலே போகவே போகாதீர்கள். பீட்ரூட் கருகுவது கண்ணுக்குத் தெரியாது, கருஞ்சிவப்பு எப்போது கறுப்பானது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வாசனைதான் சொல்லும், வெல்லம் தீய்ந்த வாசனை லேசாக வந்ததும் அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே ஆகும்.

உருளைக்கிழங்குக்கு நீலகிரியில் தனி விஷயம் உண்டு, சமவெளிக்காரர்கள் எழுதும் சமையல் குறிப்பில் இது வராது. ஒரு வருடம் கடைபோகத்து உருளை, அதாவது வருடக் கடைசியில் தோண்டுவது, நல்ல கிழங்கு, ஒரு மூட்டை வாங்கி வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வைத்தேன். டிசம்பர் மாதம், உறைபனி விழ ஆரம்பித்திருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்துச் சிப்ஸ் போட்டால் ஒவ்வொன்றும் செங்கல் நிறத்துக்குப் போகிறது, வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பின்னால் கசப்பு. ஓவன் சூடு ஏறிவிட்டதென்று நினைத்து 150, 140 என்று இறக்கிப் பார்த்தேன், அப்போதும் அதேதான். கோளாறு கிழங்கில் இருந்தது. உருளை ஏழெட்டு டிகிரிக்குக் கீழே கிடந்தால் தன்னிடம் இருக்கும் மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், அந்தச் சர்க்கரை ஓவனில் சீக்கிரம் சிவந்து கறுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதுவே நடக்கும். அதனால் டிசம்பர், ஜனவரியில் உருளையைச் சமையலறைக்குள், அடுப்புக்குப் பக்கத்து மூலையில், வெளிச்சம் படாமல் சாக்கில் வையுங்கள். குளிரில் இனித்துப்போன கிழங்கையும் அப்படியே ரெண்டு வாரம் கதகதப்பில் வைத்தால் பெருமளவு சரியாகிவிடும், அந்த மூட்டையை நான் அப்படித்தான் காப்பாற்றினேன்.

சிப்ஸ் கம்பெனிகளும் இந்தச் சர்க்கரைக்குப் பயந்துதான் தனி ரகம் தேடுகின்றன. 1998இல் வெளியான குஃப்ரி சிப்சோனா ரகங்களின் பெருமையே சர்க்கரை குறைவு, சரக்கு அதிகம் என்பதுதான். நம் மலையில் நெடுங்காலமாகப் பரவலாக இருப்பது குஃப்ரி ஜோதி. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உருளைக்கிழங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1957 முதல் இருக்கிறது, இந்த மலைக்கு ஏற்ற ரகங்களை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கடையில் ரகம் பெயர் சொல்லி விற்பதில்லை, அதனால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கப் உப்பைப் பதினோரு கப் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு அதிகம், சிப்ஸுக்கு எடுங்கள். மிதந்தால் நீர்க்கிழங்கு, குருமாவுக்கும் மசாலாவுக்கும் போகட்டும். கார்போகத்தில் மழையோடு மழையாகத் தோண்டிய கிழங்கு அடிக்கடி மிதக்கும்.

சீவிய உருளையை இரண்டு தண்ணீரில் அலசி, மாவுத் தண்ணீர் தெளியும்வரை அரைமணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். சமவெளியில் ரெண்டு நிமிடம் போதும், இங்கே தண்ணீரின் கொதிநிலையே குறைவு என்பதால் மூன்று. இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். உருளை வற்றல் போடும்போது அம்மா அரைவேக்காடாக அவித்துத்தானே வெயிலில் போடுவார்? அதே காரணம். மாவு வேகாமல் உலர்ந்தால் துண்டு கண்ணாடி மாதிரி கடினமாகி ஈறில் குத்தும், வெந்து உலர்ந்தால் பொலபொலவென்று உடையும். கொதிநீர் சர்க்கரையையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். துண்டால் நன்றாக ஒற்றி, எண்ணெய் தடவி 160 டிகிரியில் பதினைந்து நிமிடம், திருப்பி 140இல் பத்துப் பதினைந்து நிமிடம். நிறம் பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், பழுப்பு வரை விடாதீர்கள். மாவுக் கிழங்கை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலோ சுட்டாலோ அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவுக்கு அதுவும் கூடும். பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மற்ற காய்கள்: சக்கரவள்ளிக் கிழங்கு கேரட் மாதிரியேதான், 130க்கு மேல் கூடாது. பரட்டைக்கீரை, கடையில் கேல் என்று விற்கிறார்களே, நடுக்காம்பை நீக்கிக் கிள்ளி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, எண்ணெய் தடவினால் 130இல் கால்மணி நேரத்தில் ஆகிவிடும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேரக்காய், சௌசௌ என்பார்களே, வீட்டுக்கு வீடு காய்த்துத் தொங்குகிறதே என்று முயன்றேன், வெறும் தண்ணீர், காகிதம்தான் மிஞ்சியது. டர்னிப், நூல்கோல் வேண்டாம், காய்ந்தால் கசப்பு ஒன்றுசேர்ந்து நிற்கிறது. பீன்ஸையும் வெண்டைக்காயையும் முழுசாகப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்களே, அதுபோல் வீட்டில் வராது. அவற்றில் பெரும்பாலானவை ஓவனில் போட்டவை அல்ல, காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கொப்பரையில், குறைந்த சூட்டு எண்ணெயில் பொரித்தவை. அதைப் பார்த்து உங்கள் கைமேல் சந்தேகப்படாதீர்கள்.

தட்டில் விரிக்கும் பேப்பரையும் பாருங்கள். பட்டர் பேப்பர் என்று கடையில் தருவது பல நேரம் சாண்ட்விச் சுற்றும் பேப்பர்தான், ஓவன் சூட்டில் துண்டோடு ஒட்டிக் கிழியும். பேக்கிங் பேப்பர் என்று கேட்டு, எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைவிட நல்லது ஓடிஜியோடு வந்த கம்பித் தட்டு. முதல் பாதி பேப்பரில், துண்டு கொஞ்சம் விறைத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றினால் அடியிலிருந்தும் ஈரம் போகும், திருப்பிப் போடும் வேலையும் மிச்சம்.

ஆற வைப்பதை வெளியே செய்யாதீர்கள் என்று சொன்னேன். ஓவனை அணைத்து, கதவைக் கைப்பிடி அகலம் திறந்துவைத்து, உள்ளேயே விட்டுவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் நேராக டப்பாவுக்கு. டப்பாவையும் அதே ஓவன்மேல் கவிழ்த்து வைத்துக் காய வைத்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் அடுப்பு ஓரமாக. இறுக மூடும் எவர்சில்வர் சம்படமோ ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியோ சரி. பெரிய டப்பா ஒன்றுக்குப் பதில் சின்னது நாலாகப் போட்டு வையுங்கள், ஒன்றைத் திறந்தால் அன்றே தீர்ந்துவிட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடுபனிக் காற்றைத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். இப்படி வைத்தால் உருளை பத்து நாள், கேரட் ஒரு வாரம், பீட்ரூட் நாலைந்து நாள் தாங்குகிறது எங்கள் வீட்டில். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் விடாமல் மழை பெய்யும்போது இதில் பாதி. தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும், அப்போது கவலையே இல்லை. நமுத்துப்போனால் தூக்கிப் போடாதீர்கள், 100 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து உள்ளேயே ஆறவிட்டால் திரும்ப வந்துவிடும், ஒன்றிரண்டு முறை இப்படிச் செய்யலாம். உடைந்த பீட்ரூட் தூளைத் தயிர்ப் பச்சடியில் கலந்தால் நிறமும் இனிப்பும் நன்றாக இருக்கும்.

கடைசியாக, மூன்று காயையும் ஒன்றாக ஒரே தட்டில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது, ஒவ்வொன்றுக்கும் சூடும் நேரமும் வேறு. ஆனால் ஒரே மதியத்தில் மூன்றையும் எடுத்துவிடலாம், பேக்கரி அடுப்பில் நாங்கள் செய்கிற வரிசையில். விறகு எரிந்து தணல் தள்ளியதும் முதல் சூட்டில் பன், அது இறங்கியதும் வர்க்கி, ராத்திரி தணிந்த சூட்டில் ரஸ்க், ஒரு சூட்டையும் வீணாக்குவதில்லை. நீங்களும் உருளையை முதலில் 160இல் போட்டு முடியுங்கள். அது ஆகும் நேரத்தில் கேரட்டைச் சீவித் துடைத்து வையுங்கள், பீட்ரூட் உப்பில் ஊறட்டும். ஓவன் 130க்கு இறங்கியதும் கேரட், அது ஆனதும் பீட்ரூட், அணைப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு கீரை. முதல் தடவை மட்டும் மூன்றுக்கும் போகாமல் கால் கிலோ கேரட்டோடு நிறுத்திக்கொண்டு, உங்கள் ஓடிஜியில் எந்த மூலை சூடு அதிகம் என்று பார்த்துவிடுங்கள். முள்ளில் 130 என்று காட்டினாலும் உள்ளே இருபது டிகிரி முன்பின் இருப்பது சகஜம், ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிட்டால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.